வார்டில் மாணவர்களுக்குச் சொல்வதும், மறுபடி பார்ப்பதும்

நர்சிங், மருத்துவ மாணவர்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துகிற பயிற்றுநர்களுக்காக எழுதுவது இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பயிற்சி மாணவிகள் பி.பி. எழுதிய பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பாருங்கள். 110/70, 120/80, 110/70, 100/70, 120/80. மெர்க்குரி கருவியானாலும் டயல் கருவியானாலும் அளவுக்கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும். நிஜமாகவே பார்த்து எழுதினால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று கலந்து வரவேண்டும். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். பக்கம் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் காற்றை மளமளவென்று இறக்கிவிட்டுக் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள். 138/88 இருக்கிற ஒரு தாய்க்கு 130/80 என்று எழுதி அனுப்பிவிட்டால், சீக்கிரமே திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியவர் எல்லோரையும் போல அடுத்த மாதம்தான் வருவார்.

இந்தப் பக்கத்தைப் பார்த்த பயிற்றுநர் வழக்கமாகச் சொல்வது, "பி.பி.யெல்லாம் ஒழுங்கா பாருங்கம்மா." மாணவி சொல்வது, "சரி மேடம்." அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே பூஜ்யங்கள்.

இதையே வேறு மாதிரிச் சொல்லலாம். "இந்தப் பக்கத்துல எல்லாமே பூஜ்யத்துல முடியுது பாருங்க. எப்படி இறக்குறீங்கன்னு எனக்கு ஒரு தடவை காட்டுங்க." அவர் காட்டுவார். வால்வைத் திறந்ததும் முள் சரசரவென்று இறங்கிவிடும். "விநாடிக்கு 2 மி.மீ. இறங்கணும். 160-லிருந்து 80 வர 40 விநாடி ஆகணும். நீங்க பத்து விநாடியில முடிச்சிட்டீங்க. மறுபடி பண்ணுங்க, நான் கடிகாரத்தைப் பாக்குறேன்." இரண்டாவது தடவை கொஞ்சம் மெதுவாக வரும், மூன்றாவது தடவை சரியாக வரும். பிறகு ஒரு வார்த்தை: "அடுத்த செவ்வாய் இதே பக்கத்தை நான் பார்ப்பேன்." அப்படியே பார்க்கவும் வேண்டும்.

மறுபடி செய்யச் சொல்வதும் அடுத்த வாரம் திரும்பப் பார்ப்பதும்தான் பெரும்பாலும் விட்டுப்போகிற இரண்டு காரியங்கள். சொல்லும் விதத்தைப் பற்றித்தான் பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். இனிமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற ஆசிரியரைவிட, கொஞ்சம் கறாராகச் சொன்னாலும் மறுநாள் பக்கத்தில் வந்து நிற்கிற ஆசிரியரிடம்தான் மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் தீர்மானமான கருத்து இது.

இந்தக் கடலோரத்தில் அந்த இரண்டாவது பார்வை தவறிப்போக நிறைய காரணம் இருக்கிறது. இரண்டு வாரம் மண்டபம், அடுத்த இரண்டு வாரம் ராமேஸ்வரம், அப்புறம் ராமநாதபுரம் என்று போஸ்டிங் மாறிக்கொண்டே இருக்கும். பாம்பனில் ஒருவர் சொன்ன திருத்தம் பாலத்தைத் தாண்டியதும் காணாமல் போய்விடும். 2022 ஜனவரி 12 அன்று ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, நர்சிங் மாணவிகள் மட்டுமே நின்ற கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்களும் நிற்கிறார்கள். பார்க்க ஆள் அதிகமானால், அவரவர் செய்வதைக் கடைசிவரை நின்று பார்க்கிற கண் குறைந்துவிடும்.

பார்க்காததைப் பற்றிச் சொல்லாதீர்கள். "அந்தப் பொண்ணு வேலையே செய்யறதில்லையாம்" என்று நைட் டியூட்டி சிஸ்டர் சொன்னதை வைத்து மாணவியைக் கூப்பிட்டுப் பேசினால், அவர் மனதில் ஓடுவது "யாரு போட்டுக் குடுத்தது?" என்பதுதான். கேட்ட விஷயம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு தடவை நீங்களே நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முழு நோயாளிப் பரிசோதனையையும் நின்று பார்க்க நேரம் கிடைக்காது. மினி-சி.இ.எக்ஸ். (mini-CEX) என்று ஒரு முறை இருக்கிறது: 1995-ல் நார்சினியும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்தது. ஒரு மாணவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதைக் கால் மணி, இருபது நிமிடம் கவனித்துவிட்டு உடனே பேசுவது. நூறு பேர் வரிசையில் நிற்கிற ஓ.பி.யில் அதுகூடச் சிரமம். அதனால் துண்டு துண்டாகப் பாருங்கள். இன்று கேனுலா (நரம்பு வழியே மருந்து ஏற்றும் ஊசி) போடுவதற்கு முன் கை கழுவுவது மட்டும். நாளை நோயாளியிடம் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் மட்டும். இரண்டு நிமிடம் போதும். மாணவரின் தோளுக்குப் பின்னால், நோயாளியின் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, "இவங்கதான் பார்ப்பாங்க, நான் கூட நிக்கிறேன்" என்று நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார், மாணவர் பொம்மையாக நிற்பார். சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் அப்படியே எழுதுங்கள். "கவனக்குறைவு" என்று எழுதாமல், "குழாயைக் கையிலேயே வைத்திருந்தார், இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்" என்று எழுதுங்கள்.

குழாய் என்றது பாம்புக்கடிக்குச் செய்கிற இருபது நிமிட இரத்தம் உறைதல் சோதனையை. கருவேலங்காட்டிலும் வரப்பிலும் கடிபட்டு வருகிறவர்கள் உண்டு என்பதால் இங்கே பயிற்சிக்கு வருகிற எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டாக வேண்டும். பார்க்க எளிதான சோதனை. அதனாலேயே தவறு மலிந்த சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. புது இரத்தம் எடுத்து, அறை வெப்பத்தில், அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு இரத்த உறைவைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள்? பிளாஸ்டிக் குழாயை எடுப்பார்கள். கண்ணாடி தருகிற உறைதல் தூண்டுதல் பிளாஸ்டிக்கில் கிடைக்காது. சோப்புத்தூளில் கழுவிய குழாயை எடுப்பார்கள். ஒட்டியிருக்கும் சோப்பே உறைவதைத் தடுக்கும். பத்தாவது நிமிடம் ஆர்வத்தில் ஆட்டிப் பார்ப்பார்கள். எந்த வழியில் போனாலும் தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும். அதற்கு ஒவ்வாமை வந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து.

இப்போது அந்த மாணவரிடம் பேச வேண்டும். "டெஸ்ட் தப்பு, மறுபடி போடு" என்று சொல்வது உத்தரவு. வேலை நடக்கும், ஆனால் அவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். "உனக்கு அக்கறையே இல்லை" என்று சொல்வது அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பு. இந்த இரண்டாவது வகையில் ஒரு சிக்கல் உண்டு. க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1996-ல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வில், ஃபீட்பேக் (செய்த வேலை எப்படி இருந்தது என்று செய்தவரிடம் சொல்வது) கொடுத்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு செய்த வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது, கேட்பவரின் கவனமும் வேலையை விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் முக்கியமானது. வார்டில் இது கண்கூடு. "அக்கறை இல்லை" என்று கேட்ட மாணவர் அன்று முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். குழாயைப் பற்றி நினைக்க மாட்டார்.

நாங்கள் பரிந்துரைக்கும் பேச்சு இப்படி இருக்கும். "ரத்தம் எடுத்ததுலேர்ந்து நீங்க செஞ்சதை வரிசையா சொல்லுங்க." அவர் சொல்லிக்கொண்டு வரும்போதே, "நடுவுல ஒரு தடவை எடுத்துப் பாத்தேன்" என்று அவரே வந்துவிடுவார். "ரெண்டு தடவை சாய்ச்சீங்க, நான் பாத்தேன். சாய்ச்சா என்ன ஆகும்?" தெரிந்தால் சொல்லட்டும், தெரியாவிட்டால் நீங்கள் இரண்டு வரியில் சொல்லுங்கள். "இப்ப புதுக்குழாய் எடுங்க, மணியை அதுல எழுதி ஸ்டாண்டுல வைங்க, வச்சிட்டுக் கையைக் கட்டிக்குங்க." விஷமுறிவு மருந்து கொடுத்தால் ஆறு மணி நேரம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்வோம். உங்களுக்கான இரண்டாவது பார்வை அங்கேயே காத்திருக்கிறது. அந்தக் குழாயை வைப்பதும் இதே மாணவராக இருக்கட்டும்.

"நீங்க எப்படிப் பண்ணினீங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பிக்கச் சொல்லிப் புத்தகங்கள் கற்றுத்தரும். நம் ஊரில் அது பாதி நேரம் எடுபடாது. மாணவர் வாயைத் திறக்க மாட்டார், அல்லது "எல்லாம் தப்புதான் மேடம், சாரி மேடம்" என்று மொத்தமாகச் சரணாகதி அடைந்துவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். தன்னைத் தானே எடை போடச் சொல்லாமல், செய்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னால் பேச்சு வரும். அதற்கு மானமும் தேவையில்லை, அவமானமும் இல்லை.

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு என்று அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இரண்டாவது வாரத்திலேயே மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "நல்லாத்தான் பண்ணீங்க" என்றதும் அடுத்து வரப்போகிற "ஆனா"வுக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொள்வார்கள்; பாராட்டு வீணாகிவிடும். பாராட்ட வேண்டியதைத் தனியாக, அது நடந்த நேரத்திலேயே, காரணத்தோடு சொல்லுங்கள். "ஊசி போடறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டிகிட்ட பேரைக் கேட்டீங்க, கேஸ் ஷீட்டோட ஒத்துப் பாத்தீங்க. அந்த வார்டுல ரெண்டு முனியம்மா இருக்காங்க. இதை விட்டுடாதீங்க." நன்றாகச் செய்கிற மாணவர் பல நேரம் தான் செய்ததில் எது சரி என்று தெரியாமலேயே செய்கிறார். யாராவது எடுத்துச் சொன்னால்தான் அது அவரிடம் நிலைக்கும்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. மனம் நோகுமே என்று வார்த்தையைக் கரைத்துக் கரைத்து, கடைசியில் குறையே இல்லாத மாதிரி முடித்துவிடுவது. ஜாக் எண்டி 1983-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் மறைந்துபோகும் ஃபீட்பேக் என்றார்: ஆசிரியர் பட்டும் படாமல் சொல்வார், எதிரில் இருப்பவரும் நிம்மதியாகத் தலையாட்டுவார், சொல்ல வந்தது காற்றில் போய்விடும். "பரவாயில்லம்மா, போகப்போக வந்துரும்" என்பது நம் ஊர் வடிவம். போகப்போக வராது. நரம்பில் ஊசி ஏற்றும் இடத்தைத் துடைத்த ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துகிற பழக்கம், சொல்லாவிட்டால் ஓய்வுபெறும் வரைக்கும் அப்படியே இருக்கும்.

ஒரு சந்திப்பில் எத்தனை சொல்லலாம்? காப்பாற்றிக்கொள்ள ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. ஏழு தவறு கண்ணில் பட்டால் நோயாளிக்குக் கெடுதல் செய்யக்கூடியதை முதலில் எடுங்கள். மீதி ஆறும் சீட்டில் இருக்கட்டும், நாளைக்கும் வேலை இருக்கிறது.

இடம் ஒரு பெரிய பிரச்சினை. நோயாளியின் தலைமாட்டில் நின்று மாணவியைத் திட்டினால் முதலில் பாதிக்கப்படுவது நோயாளியின் நம்பிக்கைதான். அடுத்த தடவை கேனுலா போடப் போனால், "வேற நர்சம்மாவ வரச் சொல்லு தாயி, ஒரு தடவை குத்துனது போதும்" என்று கையை இழுத்துக்கொள்வார். அந்த மாணவிக்குப் பழக இருந்த வாய்ப்பும் போய்விடும். தனி அறை எங்கும் கிடைக்காது, தெரியும். கை கழுவுகிற பேசின் பக்கம், ட்ரே துடைக்கிற மேசை, மருந்து எடுக்கப் போகும் வராந்தா, இவை போதும். இரண்டு பேரும் எதையாவது கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தபடியே பேசினால் இன்னும் நல்லது. எதிரெதிரே நிற்கும் விறைப்பு குறையும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயரைப் போட்டுக் குறை எழுதுவது நடுவார்டில் திட்டுவதைவிட மோசம், ஏனென்றால் அது அழியாது. நோயாளியின் புண்ணைப் படம் எடுத்து "இது யார் டிரெஸ்ஸிங்?" என்று போடுவது நோயாளிக்கும் சேர்த்துச் செய்கிற துரோகம்.

உடனே நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு. திருக்கை முள் குத்தி வருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வலை இழுக்கும்போது கையில், ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலில் குத்தும். வலி தாங்க முடியாது. குத்திய கையையோ காலையோ சுடுதண்ணீரில் முக்கி வைத்தால் வலி தணியும், ஏனென்றால் அந்த நஞ்சு வெப்பத்தில் வீரியம் இழக்கக்கூடியது. தண்ணீர் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். வலியில் துடிப்பவருக்குச் சூடு தெரியாது. சர்க்கரை நோயில் கால் மரத்தவருக்கு முழுசாகவே தெரியாது. அதனால் குத்தாத காலையோ, உதவி செய்கிறவர் தன் கையையோ விட்டுப் பார்த்த பிறகுதான் குத்திய காலை விட வேண்டும். கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே பேசினில் ஊற்றி, காலை எடுத்து வைக்கப் போகிற மாணவரிடம், "வரிசையா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. "நிறுத்துங்க." அவ்வளவுதான். நீங்களே கையை விட்டுப் பார்த்து, பச்சைத்தண்ணீர் கலந்து, காலை வையுங்கள். பேச்சு பிறகு.

இதற்கு முன்னேற்பாடு வேண்டும். போஸ்டிங் தொடங்கும் அன்றே சொல்லிவிடுங்கள்: "நான் 'நிறுத்துங்க'ன்னு சொன்னா அது திட்டு இல்ல. கையை எடுத்துட்டு ஒதுங்கி நில்லுங்க, காரணம் அப்புறம் பேசுவோம். நீங்களும் யாருகிட்ட வேணும்னாலும் இதே வார்த்தையைச் சொல்லலாம், என்கிட்டயும்." அந்தக் கடைசி வரியை நம்ப மாணவர்களுக்கு நாள் பிடிக்கும். மருந்துக் குப்பியை நீங்கள் மாற்றி எடுத்த நேரத்தில் ஒரு மாணவி "நிறுத்துங்க மேடம்" என்று சொன்னால், அத்தனை பேர் முன்னாலும் "நல்லவேளை சொன்னீங்க" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் பேச்சு சுலபமாகிவிடும்.

கையால் செய்கிற வேலையைத் திருத்துவது இவ்வளவு சிரமமில்லை. நோயாளியிடம் பேசுவதைத் திருத்துவதுதான் கடினம். தவறு கண்ணுக்குத் தெரியாது, மாணவரும் "நான் சொல்லிட்டேனே" என்பார். இன்சுலின் போட்டுக்கொள்ளும் மீனவர் ஒருவரிடம், "குளிர்ச்சியான இடத்துல வைங்கண்ணே" என்று மாணவர் சொல்கிறார். அண்ணனும் தலையாட்டுகிறார். படகில் குளிர்ச்சியான இடம் எது? ஐஸ் பெட்டி. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அதன் வேலை கெட்டுவிடும், வெளியே எடுத்து உருகியதைப் போட்டாலும் பலன் கிடைக்காது. மீனோடும் ஐஸோடும் போட்டால் உறைந்துபோகக்கூடும். மாணவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஆனாலும் அந்த மருந்து வீணாகிவிடலாம்.

இங்கே "கம்யூனிகேஷன் சரியில்லை" என்று எழுதினால் மாணவருக்கு ஒன்றும் புரியாது. அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். "'குளிர்ச்சியான இடத்துல வைங்க'ன்னீங்க. அவரு போட்ல அது எதுன்னு நினைச்சிருப்பாரு?" அங்கேயே பாதிப் பாடம் முடிந்தது. பிறகு கேட்க வேண்டிய கேள்விகளை அவரையே சொல்ல வையுங்கள்: ஒரு தடவை போனால் எத்தனை மணி நேரம் கடலில் இருக்கிறீர்கள், மருந்தை எதில் கொண்டுபோகிறீர்கள், அங்கே எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள். உபயோகத்தில் இருக்கும் குப்பியை வெயில் படாமல், ஈரத்துணி சுற்றிய மண் பானையிலோ, ஐஸில் நேரடியாகப் படாத டப்பாவிலோ வைக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கலாம். கடைசியில், "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும்ண்ணே, போட்ல எங்க வைப்பீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்கிறாரா என்று அன்றே இன்னொரு நோயாளியிடம் கவனியுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், நோயாளியானாலும் மாணவரானாலும்.

அதனால் மாணவரிடமும் "புரிஞ்சுதா?" என்று முடிக்காதீர்கள். "நாளைக்கு எதை மாத்தப் போறீங்க?" என்று கேளுங்கள். அவர் வாயால் வருகிற வாக்கியம் நீங்கள் நினைத்ததுதானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பல நேரம் வேறாகத்தான் இருக்கும்.

மரியாதை விஷயத்தில் ஒரு வார்த்தை. நோயாளிகள் முன்னால் மாணவியை "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டால், நோயாளியின் உறவினர்களும் நாளைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வாங்க, போங்க" என்றே வைத்துக்கொள்ளலாம். தனியாகப் பேசும்போது "வாம்மா", "தம்பி" என்று வருவது இயல்பு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மூத்த முஸ்லிம் பெண்களை லாத்தா, ராத்தா (அக்கா) என்று கூப்பிட்டால் முகம் மலரும். திரையைப் போட்டுவிட்டு, கையை மூடிய துணியை எப்போது, எவ்வளவு விலக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி அனுமதி கேட்டால்தான் பி.பி. கஃபைத் துணிக்கு மேல் கட்டாமல் கையில் கட்ட முடியும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடலில் பாசி எடுத்துவிட்டு வருகிற பெண்களிடமும் இதேதான்: சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது இறுக்கிப் பிடித்து அளவைக் கெடுக்கும், கையை முழுதாக வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற மாணவர்களுக்கு இதையெல்லாம் போஸ்டிங்கின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லித்தராத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

கற்பவர் நம்மைவிட வயதில் மூத்தவராகவும் இருப்பார். இருபது வருடம் வேலை பார்த்த கிராம சுகாதார செவிலியர் புதுக் கருவிக்குப் பயிற்சிக்கு வருவார். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கிய பிறகு வீடு வீடாகப் போகிற தன்னார்வலப் பெண்களும் பயிற்சி எடுக்கிறார்கள். "அக்கா, நீங்க வீட்டுக்குள்ள போனதும் என்ன செய்வீங்கன்னு எங்களுக்குக் காட்டுங்க" என்று ஆரம்பித்தால் அவர் அறிந்தது முதலில் வெளியே வரும். அதில் நாம் கற்க வேண்டியதும் இருக்கும். திருத்தத்தைக் கருவியின் மேல் ஏற்றிச் சொல்லலாம்: "இந்த மெஷினுக்குக் கை நெஞ்சு மட்டத்துல இருந்தாத்தான் சரியாக் காட்டும்க்கா, தொங்க விட்டா கூடக் காட்டிரும்." தவறு சரியாகிவிடும், அக்காவின் மரியாதையும் குறையாது.

மாணவர் செய்த பயிற்சிகளைப் பதிகிற லாக் புக் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2019-ல் வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் லாக் புக்கில் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வரிசை உண்டு: முதல் முயற்சியா, மறுமுயற்சியா, திருத்தப் பயிற்சியா, எதிர்பார்த்த அளவுக்குக் கீழா, அதே அளவா, அதற்கு மேலா, ஆசிரியரின் முடிவு என்ன, ஆசிரியர் கையொப்பம், தேதி. கடைசிக் கட்டத்தில் ஃபீட்பேக் பெற்றுக்கொண்டதாக மாணவர் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. நடப்பது என்ன? போஸ்டிங்கின் கடைசி நாள் முப்பது லாக் புக் மேசைக்கு வரும், முப்பதிலும் 'எதிர்பார்த்த அளவு' என்று டிக் விழும், மாணவர்கள் பெறாத ஃபீட்பேக்குக்கு வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். வெட்கக்கேடான பழக்கம். ஒரு சிறிய விதி இதைப் பெருமளவு நிறுத்தும்: செய்து காட்டிய அன்று மட்டும்தான் கையெழுத்து. 'மறுமுயற்சி' என்ற கட்டத்தை டிக் செய்யவும் தயங்க வேண்டாம். முதல் தடவையிலேயே எல்லோரும் தேறிவிட்ட லாக் புக்கைப் பார்த்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.

மதிப்பெண் பயம் இருக்கும்வரை காது திறக்காது. "இது மார்க்குக்கு இல்ல, இப்ப பழகறதுக்கு" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அன்று கண்ட தவறை இன்டர்னல் மார்க்கில் காட்டினால் அந்த பேட்ச் முழுக்க உங்களிடம் வாயை மூடிக்கொள்ளும்.

அழுகை வரும். வந்தால் தண்ணீர் கொடுத்து, வேறொரு சின்ன வேலை கொடுத்து, அரை மணி கழித்துத் தொடருங்கள். அன்றைக்கே தொடர வேண்டும். அழுதுவிட்டார் என்பதற்காகச் சொன்னதைத் திரும்பப் பெறாதீர்கள். மாணவர் மறுத்துப் பேசினால் ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். குழாய் தீர்ந்துவிட்டது, கை சுத்தம் செய்கிற ஸ்டெரிலியம் பாட்டில் காலி, சிஸ்டர் சீக்கிரம் முடிக்கச் சொன்னார் என்று நிஜமான காரணம் பல நேரம் இருக்கும். அப்போது திருத்த வேண்டியது வார்டை. அதே தவறு மூன்றாவது முறையும் வந்தால் சொல்வதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். தெரியவில்லையா, தெரிந்தும் கை வரவில்லையா, சிரிஞ்சின் கோடு கண்ணுக்குத் தெரியவில்லையா, விடியற்காலை பஸ் பிடித்துச் சாப்பிடாமல் வந்து நிற்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இரவு டியூட்டியில் ஆசிரியர் இருக்க மாட்டார், ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார். அவரிடம் "பாத்துக்குங்க சிஸ்டர்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்னைக்கு நைட்டு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பேர் கேக்குறாங்களான்னு மட்டும் பாருங்க" என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். காலையில் ஆம், இல்லை என்று பதில் வந்துவிடும்.

போஸ்டிங் மாறும்போது மாணவர் கையிலேயே ஒரு சீட்டுக் கொடுத்தனுப்புவதுதான் இந்தக் கடலோரத்துக்கு ஒத்துவருகிற வழி என்று நினைக்கிறோம். நான்கு வரி போதும். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற மாணவியின் சீட்டு இப்படி இருக்கலாம்: "நன்றாகச் செய்வது: மருந்துக்கு முன் பெயர் சரிபார்ப்பது. பழகிக்கொண்டிருப்பது: பி.பி. காற்றை விநாடிக்கு 2 மி.மீ. இறக்குவது, இரண்டு தடவை சரியாகச் செய்தார். இன்னும் பார்க்க வேண்டியது: நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைப்பது. முதல் வாரத்தில் ஒருமுறை நின்று பார்க்கவும்." மாணவிக்குத் தெரியாத ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது; அவரும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே போகட்டும். "சோம்பேறி", "கெட்டிக்காரி" மாதிரி ஆளைப் பற்றிய சொற்கள் ஏறினால் அது சிபாரிசுக் கடிதமாகவோ குற்றப்பத்திரிகையாகவோ மாறிவிடும். ராமேஸ்வரத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று உறுதியானதும் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதுங்கள். சரியாகிப்போன தவறு ராமநாதபுரம் வரைக்கும் அவர் கூடவே பஸ் ஏறி வர வேண்டியதில்லை.